ஜன்னல் இல்லாத வீடுகளுக்கு ஒரு பஸ்

என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய குற்றத்துக்கு ஒரே ஒரு மவுஸ் க்ளிக்தான் தேவைப்பட்டது. கணினியில் ஒரு பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடும் கடைசிப் பத்தியை மறைத்தேன். அழிக்கக்கூட இல்லை, மறைத்தேன். கொலை செய்தவர்கள்கூட சில வருஷம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சுபாங் ஜெயாவில், போக்குவரத்துத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. கட்டட பர்மிட்டுகளை எண்ணுவதுதான் என் உத்தியோகம். கிள்ளான் பள்ளத்தாக்கில் யார், எங்கே, எத்தனை மாடி கட்ட அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்ற பட்டியலை நகராண்மைக் கழகங்களில் மாதாமாதம் வாங்கி வருவேன். வரைபடத்தில் ஒரு பர்மிட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். இன்று பர்மிட் கிடைத்தால் இரண்டு வருஷத்தில் கட்டடம் எழும்பும். கட்டடம் எழும்பினால் ஆள் வரும். ஆள் வந்தால் பஸ் வேண்டும். ஆகவே புள்ளிகள் எங்கே குவிகின்றன என்று பார்த்து, சனம் வந்து சேர்வதற்கு முன்பே அங்கே ஒரு பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். (கிளி ஜோசியக்காரருக்கு ஒரு கிளி. எனக்கு ஒரு எக்செல்.)

இதை அம்மாவுக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்றாவது முறை கேட்டு முடித்ததும் அம்மா பக்கத்து வீட்டில் போய், "எம்மவ பஸ் விடுறா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா குடியிருந்த தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, முழுக்க என்னை ஒரு பஸ் கம்பெனி முதலாளியைப் பார்ப்பது போலப் பார்த்தது.

அம்மா இருந்தது கிள்ளானை அடுத்த மேருவில், தாமான் செரி மாவார் என்ற பழைய வீடமைப்புப் பகுதியில். நான் பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸில். அங்கே காலடியில் ரயில், தலைக்கு மேல் மோனோரயில். (இதை ஏன் சொல்கிறேன் என்றால், கட்டடம் என்று இருந்தால் அதில் மனிதர்கள்தான் வசிப்பார்கள் என்று நம்பி வளர்ந்த பட்டணத்துப் பிள்ளை நான். பின்னால் தேவைப்படும்.) அப்பா ஓய்வு பெற்றதும் மேருவில் ஒரு வீடு வாங்கினார். வாங்கிய மறுவருஷமே போய்ச் சேர்ந்தார். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் வேலைக்காக பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, ஒரு பழைய கஞ்சில் காரை ஓட்டிக்கொண்டு வாரக் கடைசியில் மட்டும் போவேன்.

தாமானுக்கு பஸ் கிடையாது. மீன் வாங்கக் கிள்ளான் பாசாருக்கோ, கிளினிக்குக்கோ, வெள்ளிக்கிழமை கோயிலுக்கோ போக வேண்டுமென்றால் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு பத்மா ஆன்டியின் காரை விட்டால் வேறு கதி இல்லை. பத்மா ஆன்டி நல்லவர். ஆனால் அவருக்கு மெல்பர்னில் ஒரு மகள் இருந்தாள். அந்த மகளுக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் மிஷின் ஒன்று இருந்தது. மேருவிலிருந்து கிள்ளான் போகும் நேரம் அந்த மிஷினைப் பற்றிச் சொல்லி முடிக்கச் சரியாக இருக்கும். அதை யார் செய்தார்களோ அவர்களைவிட அம்மாவுக்கு அதைப் பற்றி அதிகம் தெரியும்.

அம்மா ஒரு நாள் சொன்னார்:

"லிஃப்ட் கேக்குறது கஷ்டமா இருக்கு ஷாமு. அவங்க கெளம்புறப்ப கெளம்பணும், அவங்க திரும்புறப்ப திரும்பணும். நேத்து மீன் வாங்கிட்டு பாதி பேச்சுல இருக்கேன், ஹார்ன் அடிக்கிறாங்க. சும்மாதான் ஏத்திட்டுப் போறாங்க. அதனாலயே கோவப்படவும் முடியல. ஒரு பஸ் இருந்தா நான் பாட்டுக்குப் போயிட்டு வருவேன்."

எனக்கு அது நெஞ்சில் தைத்தது. தைத்த அந்த முள்ளை நான் எப்படிப் பிடுங்கி எறிந்தேன் என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் முதலாளி மிஸ்டர் குலசிங்கம். யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்கத்தில் சாலை போட்டு ஓய்வு பெற்றவர், சட்டையில் மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பிள்ளை, மேருப் பக்கம் ஒரு பஸ் மூண்டு மாசத்துக்குப் பரீட்சார்த்தமா விடப் போகினம். இருக்கிறது ஒரு பஸ். எங்க விடுறதெண்டு நீர் பாத்துச் சொல்லும். ஆள் ஏறினால் நிரந்தரம். ஏறாட்டி அந்தப் பக்கத்துக்கு இனி பஸ்ஸே இல்லை."

குருவி தலையில் பனங்காய் வைத்தால் குருவி என்ன செய்யும்? கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "சரி சார்" என்று சொல்லும். நான் சொன்னேன்.

நகராண்மைக் கழகத்தில் பட்டியல் கொடுப்பவர் காக் ரோஸ் என்ற மலாய் அக்கா. கொடுக்கும்போதே, கடைசிப் பத்தியையும் படித்துப் பார் என்று சொல்லித்தான் கொடுத்தார். கடைசிப் பத்தியின் தலைப்பு 'குறிப்பு'. திறந்து பார்த்தேன். முதல் ஐந்தாறு வரிகளில் 'வேலி', 'கூரை நீட்டிப்பு', 'மனு இரண்டாம் முறை', 'பிற்பகலில் அழைக்கவும்' என்று என்னென்னவோ இருந்தது. ஒன்றிலும் எண் இல்லை. எண் இல்லாததை வைத்து நான் என்ன கூட்ட, என்ன பெருக்க? பார்க்கவே அசிங்கமாக இருந்தது. வலது பக்கம் க்ளிக் செய்தேன், மறைத்தேன். பட்டியல் குளித்து முழுகிப் பவுடர் போட்டது போல் ஆகிவிட்டது.

பிறகு புள்ளி வைத்தேன். அடேயப்பா! மேருவைத் தாண்டிக் காப்பார் போகும் வழியில் சில கடைவரிசைகள். இரண்டு மாடிக் கடைகள், மேலே இன்னும் இரண்டு மாடி எழுப்ப இரண்டு வருஷத்துக்கு முன்பே வரிசையாகப் பர்மிட் வாங்கியிருந்தன. ஐம்பதுக்கும் மேலே. வரைபடத்தில் அந்த இடம் அம்மை போட்ட முகம் மாதிரி சிவந்து கிடந்தது. நம் நாட்டில் கடைக்கு மேல் மாடி என்றால் என்ன? வீடு. மாடிக்கு இரண்டு வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று பெருக்கினேன். வந்த எண்ணிக்கையைப் பார்த்து நானே எழுந்து தண்ணீர் குடித்தேன்.

தாமான் செரி மாவாரில் எத்தனை புள்ளி? ஒன்று. பத்மா ஆன்டி கார் நிறுத்தப் போட்ட தகரக் கூரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் சமையலறையில் நின்று தீர்ப்பை வாசித்தேன்.

"நம்ம தாமான் வளரலம்மா. டேட்டா சொல்லுது. இங்க யாரும் புதுசா வரல."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"இருக்கிறவங்களுக்கு பஸ் விடாம, வரப்போறவங்களுக்கு விடப் போறியா?"

"அதுக்குப் பேருதான் பிளானிங்."

"சரி. வரப்போறவங்க யாரு?"

"குடும்பங்க. நெறைய குடும்பங்க."

"பாத்தியா?"

"பர்மிட் இருக்கும்மா!"

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. பெற்ற தாய்க்குக்கூடச் சலுகை காட்டாத நேர்மையான அதிகாரி ஒருத்தி கிள்ளான் பள்ளத்தாக்கில் உருவாகிவிட்டாள் என்று நினைத்துப் புல்லரித்தேன். அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால் என்று முடிவு செய்துகொண்டேன்.

இடத்தைப் பார்க்காமல் அறிக்கை எழுதினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போனேன். கஞ்சிலை ஓட்டிக்கொண்டு ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போனேன். நாலு மாடிக் கட்டடங்கள் கம்பீரமாக நின்றன. தெருவில் ஓர் ஆள் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று எழுதிக்கொண்டேன். மேல் மாடிகளில் ஜன்னலே இல்லை, வெறும் சுவர். 'கட்டுமானம் நிறைவுபெறும் நிலையில்; ஜன்னல்கள் இன்னும் பொருத்தப்படவில்லை.' சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்ட ஓட்டைகள். 'நவீன காற்றோட்ட வசதி.' எங்கே திரும்பினாலும் பறவைகளின் கீச்சுக் குரல், காதைக் குளிர்விக்கிற மாதிரி. சுற்றுமுற்றும் பார்த்தேன், மரம் ஒன்றுகூட இல்லை. அதற்காக அசந்துவிடுவேனா? 'இயற்கையோடு இயைந்த சூழல். பறவைகளின் இன்னிசை. இளம் தம்பதியரைப் பெரிதும் ஈர்க்கும்' என்று எழுதினேன். கண்ணைத் திறந்துகொண்டு கிணற்றில் விழுவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

"நேரில போய்ப் பாத்தனீரோ?" என்றார் மிஸ்டர் குலசிங்கம்.

"பாத்தேன் சார். பிரமாதமான இடம்."

பஸ்ஸின் தடம் முடிவானது. கிள்ளானில் ஏறினால் நேரே கடைவரிசைகளில் இறங்கலாம். இடையில் அம்மாவின் தாமானுக்குத் திரும்பும் முச்சந்தி வரும். அங்கே ஒரு நிறுத்தம் வைக்கலாமே என்று நிறுவனத்தில் ஒருவர் கேட்டார். நேரம் வீணாகும் என்று நானே வேண்டாம் என்றேன். (ஆமாம், நானேதான்.)

தொடக்க விழாவையும் நானே ஏற்பாடு செய்தேன். குடியிருப்பாளர்கள் வேலை முடிந்து வந்து கலந்துகொள்ள வசதியாக மாலை ஆறு மணிக்கு வைத்தேன். கூடாரம் போட்டோம், கறிபாப் வந்தது, மீ கோரெங் வந்தது. தொகுதியின் ஒய்பி, அதாவது சட்டமன்ற உறுப்பினர், வந்தார். பஸ்ஸின் டிரைவர் சேகர் அண்ணே, புது வண்டி என்பதால் கண்ணாடிக்கு மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். அம்மாவையும் அழைத்திருந்தேன். மகளின் பெருமையைத் தாய் பார்க்க வேண்டாமா? அம்மா வந்தார். எப்படி வந்தார்? பத்மா ஆன்டியின் காரில்தான் வந்தார்.

நூறு நாற்காலிகள் போட்டிருந்தோம். முதல் வரிசையில் நாங்கள் ஏழெட்டுப் பேர். மீதி நாற்காலிகள் காலியாக இருந்தன. நான் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒய்பி நாற்காலியிலிருந்து என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்:

"கூட்டம் வரும்னு சொன்னீங்களே, ஆளுங்க எங்கம்மா?"

"வேலை முடிஞ்சு வர்ற நேரம்தான் ஒய்பி. ஆறே முக்காலுக்கு மேல எல்லாரும் வீட்டுக்கு வந்துருவாங்க."

அதற்குள் அம்மா எழுந்து என்னிடம் வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தபடியே வந்தார்.

"ஷாமு, இங்க யாருடி குடியிருக்கா?"

"குடும்பங்கம்மா. மேல எல்லாம் வீடு. போய் உக்காருங்க."

"ஜன்னல் எங்க?"

"இன்னும் வைக்கல."

"ஒரு வீட்டுலகூடவா?"

பின்னாலேயே வந்த பத்மா ஆன்டி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு கூடாரம் முழுக்க எதிரொலித்தபோதுதான் கையிலிருந்த மைக் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அதை அணைக்கத் தெரியாமல் நான் தடவிக்கொண்டிருந்தபோது பத்மா ஆன்டி ஊருக்கே விளக்கம் கொடுத்தார்:

"அலாமா, இது குருவி வீடு லா! பூரோங் வாலிட்! எங்க மாமாகூட ஒண்ணு வச்சிருக்காரு. மேல் மாடிய இருட்டா அடைச்சுட்டு, ஸ்பீக்கர்ல குருவி சத்தம் போட்டு விடுவாங்க. நெசக் குருவி அதைக் கேட்டு ஏமாந்து வந்து கூடு கட்டும். அந்தக் கூட்டத்தான் எடுத்து சூப்புக்கு விப்பாங்க. இந்த ரோட்டு பூரா குருவிதான். மனுஷன் எங்க இருக்கான் இங்க? பஸ்ல வேலை செய்யிற புள்ள, இதுகூடத் தெரியாதா?"

ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டு ஏமாந்து வந்த குருவிகளை நான் குறைசொல்ல முடியாது. அவற்றைப் போலவே நானும் ஏமாந்திருந்தேன்.

அப்போது மணி ஆறே முக்கால். வானத்தில் ஓர் இரைச்சல். எல்லோரும் கூடாரத்துக்கு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம். தலைக்கு மேல் ஒரு கறுப்பு வட்டம் சுழன்றது, சுழலச் சுழலப் பெரிதாகியது. ஆயிரமோ, பத்தாயிரமோ, எண்ணுகிற தெம்பு எனக்கு இல்லை. ஒவ்வொன்றாகத் தாழ்ந்து வந்து, நான் 'நவீன காற்றோட்ட வசதி' என்று எழுதிய ஓட்டைகளுக்குள் குறி தப்பாமல் புகுந்தன. என் குடியிருப்பாளர்கள் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் போகிற போக்கில், ஒய்பியின் கையிலிருந்த என் அறிக்கையின் அட்டையில் தன் கருத்தைப் பதிவு செய்தார்.

"வந்துட்டாங்கடி உன் குடும்பங்க" என்றார் அம்மா. அதுவும் மைக்கில் கேட்டது.

மிஸ்டர் குலசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பிள்ளை, பின்னேரப் பீக் ஹவர் மட்டும் சரியாப் போட்டிருக்கிறீர்."

சேகர் அண்ணே தன் பங்குக்கு மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, இவங்களுக்கு சீனியர் கார்டு செல்லுமா?"

மானம் கப்பலேறும் என்பார்கள். கிள்ளானில் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மிஸ்டர் குலசிங்கம் என் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பட்டியல் திறந்திருந்தது.

"இதென்ன, பத்தியளில இ-க்குப் பிறகு நேரா ஜி வருது? எஃப்பை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறீர்?"

மறைத்த பத்தியைத் திறந்தேன். வேலி, கூரை, பிற்பகலில் அழைக்கவும். அதற்குக் கீழே ஐம்பதுக்கும் மேற்பட்ட வரிகளில், ஒன்றுவிடாமல், 'பூரோங் வாலிட், பூரோங் வாலிட், பூரோங் வாலிட்.' காக் ரோஸ் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்திருக்கிறார். மிஸ்டர் குலசிங்கம் திட்டவில்லை. கடைசி வரி வரைக்கும் நிதானமாகச் சத்தம் போட்டு வாசித்தார். திட்டியிருக்கலாம்.

"பஸ்ஸை இனி மாத்த ஏலாது. மூண்டு மாசத்துக்கு ஒப்பந்தம். ஒருத்தரும் ஏறாட்டி என்ன நடக்குமெண்டு தெரியும்தானே?"

தெரியும். மேருப் பக்கத்தில் பஸ்ஸுக்குத் தேவையே இல்லை என்று பதிவாகும். அந்தப் பதிவை என்னைப் போல் இன்னொருத்தி எடுத்து வரைபடத்தில் போடுவாள். அம்மா சாகும்வரை பத்மா ஆன்டியின் ஹார்னுக்கு ஓட வேண்டியதுதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அன்று கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

தினமும் சாயங்காலம் சேகர் அண்ணேயைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்பது எனக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டது.

"இன்னைக்கு எத்தனை பேர்ண்ணே?"

"நான் ஒருத்தன்தான் தங்கச்சி. ஏர்கோன் நல்லா இருக்கு."

அடுத்த நாள்: "ஒரு நாய் ஏறுச்சு. கார்டு தட்டல. எறக்கி விட்டுட்டேன்."

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உங்களுக்கு வர வேண்டிய பஸ்ஸை நான்தான் கெடுத்தேன், இனி எப்போதுமே வராது, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அம்மா ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். (பெற்ற தாய் அல்லவா.) அம்மா மீன் குழம்பை என் தட்டில் ஊற்றியபடி மூன்றே கேள்விகள் கேட்டார்.

"பஸ் நம்ம முச்சந்தி வழியாத்தான போகுது?"

"ஆமா. ஆனா நிக்காது. ஸ்டாப் இல்ல."

"எத்தனை மணிக்கு?"

"காலையில ஏழே கால். அப்புறம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும்."

"டிரைவர் தமிழ் ஆளா?"

"ஆமா. எதுக்கு?"

"சும்மாதான். குழம்பு போடவா?"

இரண்டாவது மாதத்தில் எண்கள் ஏறத் தொடங்கின. கடைவரிசை நிறுத்தத்தில் ஆறு பேர் ஏறினார்கள். அடுத்த வாரம் பதினொன்று. அதற்கடுத்த வாரம் இருபதைத் தாண்டியது. சேகர் அண்ணே போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். மிஸ்டர் குலசிங்கம் வரைபடத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார்.

"குருவிகள் கார்ட் வாங்கிட்டுதுகளோ?"

எனக்கும் விளங்கவில்லை. இந்த முறை கணினியில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முயலவில்லை. வியாழக்கிழமை காலை அந்தக் கடைவரிசைக்கே போய் பஸ்ஸில் ஏறினேன். நானும் சேகர் அண்ணேயும் மட்டும்தான். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னைக்கா வரணும் தங்கச்சி?" என்று முனகினார்.

முச்சந்தி வந்தது. சாலையின் நட்டநடுவில், கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, லோரிகளெல்லாம் ஒதுங்கிப் போக, என் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஓரத்தில் பாசார் பைகளோடு தாமானின் மொத்தப் பெண்கள் படையும் நின்றது. பஸ் நின்றது. கதவு திறந்தது. அம்மா ஏறிக் கார்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே நான்.

"நடுரோட்டுல நிக்கிறீங்களேம்மா! அடிச்சுட்டுப் போயிருந்தா?"

"ஓரமா நின்னுதான் இத்தனை வருஷம் பாத்தேனே. யாரும் நிறுத்தலயே."

சேகர் அண்ணே அவசரமாக நியாயம் சொன்னார். நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தக் கூடாதுதான், ஆனால் சாலையில் தடை இருந்தால் நிறுத்தியாக வேண்டும். வண்டியின் குறிப்பேட்டில் தினமும் அப்படித்தான் எழுதியிருந்தார்: 'முச்சந்தியில் தடை. தடை விலகும்வரை காத்திருந்தேன்.' தடை விலகி எங்கே போனது என்பதை மட்டும் எழுதவில்லை.

கார்டு தட்டும் மிஷினுக்குத் தெரிந்தது இரண்டே இடம், கிள்ளானும் கடைவரிசையும். நடுவில் ஏறிய அத்தனை பேரும் கடைவரிசையில் ஏறியதாகவே பதிவானார்கள். என் பொய்யான அறிக்கையை அம்மாவின் உண்மையான பயணம் உண்மையாக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் பஸ் நிரந்தரம், என் மானமும் பத்திரம், குருவிகள் சாட்சி சொல்ல வரப் போவதில்லை. ஆனால் அம்மா காலமெல்லாம் நடுரோட்டில் குடை பிடிக்க வேண்டும்.

அன்று மாலை கடைசி அறிக்கையை எழுதினேன். எண்கள் எல்லாவற்றையும் போட்டு, பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி திறந்தேன். 'கடைவரிசையில் ஏறியவர் எவருமில்லை. அனைவரும் தாமான் செரி மாவார் முச்சந்தியில் ஏறியவர்கள். நிறுத்தம் இல்லாததால் நடுச்சாலையில் நின்று மறிக்கிறார்கள். இந்தத் தாமானில் புதிய பர்மிட் இல்லை. பழைய மனிதர்கள் இருக்கிறார்கள். தவறு என்னுடையது. மறிப்பவர் என் தாயார்.'

மிஸ்டர் குலசிங்கம் வாசித்தார். வேலை போனது என்று நினைத்தேன்.

"கடைசி வசனம் வேண்டாம். மற்றதெல்லாம் இருக்கட்டும்."

மூன்று மாதம் முடிந்ததும் பஸ் நிரந்தரமானது. சில மாதம் கழித்துக் காக் ரோஸ் வழக்கம்போல் பட்டியலைக் கொடுத்தார். இப்போதெல்லாம் நான் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். அதில் ஒரு வரி: தாமான் செரி மாவார் முச்சந்தி, மாடி: இல்லை, குறிப்பு: பஸ் நிறுத்தக் கூரை. வரைபடத்தில் அதற்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது அதைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

எல்லாம் சுபமாக முடிந்ததா என்றால், முழுக்கச் சொல்ல முடியாது. பஸ் அம்மா கூட்டத்தை முச்சந்தியில் இறக்கிவிட்டு, தடம் அப்படித்தான் என்பதால், இன்றும் காலியாகக் குருவிகள்வரை போய்த் திரும்புகிறது. தாமானில் அதற்குப் பெயரே குருவி பஸ். இன்னொன்று, பத்மா ஆன்டிக்கு முழங்கால் வலி வந்து கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். இப்போது அவரும் அதே பஸ்ஸில், அம்மாவுக்குப் பக்கத்துச் சீட்டில்தான் வருகிறார். மெல்பர்ன் மகள் புதிதாகத் துணி காயவைக்கும் மிஷின் வாங்கியிருக்கிறாள். "பஸ்ஸுல ஒரு வசதி, ஷாமு. பேச்சு புடிக்கலன்னா எந்திரிச்சுப் பின்னால போயிடலாம்" என்கிறார் அம்மா. போனதாகத் தெரியவில்லை.

என் கல்யாணத்துக்குச் சமையல்காரர் வந்து எத்தனை இலை போடுவது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே விழுந்தார்: "அவகிட்ட கேக்காதீங்கண்ணே. குருவியையும் சேத்து எண்ணிருவா." மாப்பிள்ளை வீட்டார் விவரம் கேட்டார்கள். பத்மா ஆன்டி சொன்னார், பீக் ஹவர் உட்பட. அன்றிலிருந்து அந்தப் பக்கத்துக் குடும்பத்திலும் எனக்கு ஜாமீன் கிடையாது.

போன மாதம் நானும் என் கணவரும் சுபாங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி வீடு பார்க்கப் போனோம். அம்மாவும் வந்தார், இரண்டு பஸ் மாறி, தனியாக. வீட்டை விற்பவர் சமையலறையைக் காட்டினார், நீச்சல் குளத்தைக் காட்டினார், பக்கத்தில் வரப்போகும் ரயில் நிலையத்தின் படத்தையும் காட்டினார். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வோர் அறையாகப் போய்த் திரையை விலக்கி, கண்ணாடியைத் திறந்து, வெளியே தலையை நீட்டிப் பார்த்து, மூடிவிட்டு வந்தார். எல்லா அறைகளும் முடிந்ததும் நடுக்கூடத்தில் நின்று என் கணவரிடம் சொன்னார்:

"ஜன்னல் இருக்கு மாப்பிள்ளை. வாங்கலாம்."